நெடுமரம் நிமிரும் கணக்கு

முதுமலைக் காட்டில், கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகும் சாலையில் மசினகுடிச் சாலை பிரியுமிடத்தில் மாயாற்றங்கரையை ஒட்டி அமைந்திருக்கும் தெப்பக்காடு, இன்று சுற்றுலாப் பயணிகள் கூடும் யானைகள் முகாமாகவே அறியப்பட்டாலும், அங்கே யானைகள் பழக்கப்பட்டதற்கான முதற்காரணம் மரத்தடி இழுப்பதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலம்பூர்த் திருமுல்பாடிடமிருந்து இக்காட்டை ஆங்கிலேய ஆட்சி குத்தகைக்கு எடுத்ததற்குத் தேக்கு மரத்தின் மீதிருந்த ஆசையே தூண்டுதலாக இருந்தது. வெட்டிய தேக்கைச் சரிவிலிருந்தும் ஓடைப் பள்ளத்திலிருந்தும் வண்டிப் பாதை வரை கொண்டுசேர்க்க அக்காலத்தில் யானையை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. இந்த அத்தியாயம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ கடலில் ஓடும் ஒரு சிறு இரட்டையுடல் பாய்மரப் படகின் பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் வேலை. எனினும் அதன் இயற்பியல் தெப்பக்காட்டுத் தடியிலிருந்தே தொடங்குகிறது, ஏனெனில் இரண்டிலும் உள்ள கேள்வி ஒன்றே: நீண்டு கிடக்கும் ஒரு தடியின் ஒரு முனை ஊன்றியிருக்க மறுமுனையைத் தூக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும், அந்த விசையை எங்கே, எந்தத் திசையில் கொடுக்க வேண்டும்?

தடி இழுக்கும் யானை, தடியின் முழு எடையையும் சுமப்பதில்லை. தடியின் முனையருகே துளையிட்டு அதில் சங்கிலியைக் கோத்து, மறுநுனியை யானையின் கழுத்து அல்லது மார்புப் பட்டையில் மாட்டுவதுண்டு. வடத்தைக் கடைவாய்ப் பற்களால் கடித்துப் பிடித்து இழுக்கும் பழக்கமும் மலபார்ப் பக்கத்தில் உண்டு. இரண்டிலும் இழுவடம் தரையோடு கிடைமட்டமாகப் போகாமல் மேல்நோக்கிச் சாய்ந்து போவதால், இழுக்கும்போதே தடியின் முன்முனை சற்று எழும்பிவிடுகிறது. இந்தச் சிறு எழும்பலின் பயனைக் கணக்கில் காணலாம். 400 கிலோகிராம் எடையுள்ள, இரு முனையும் ஏறக்குறைய ஒரே பருமனான ஒரு தடி முழுவதும் தரையில் கிடக்கும்போது, தரைக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வு எடையில் பாதி என்று கொண்டால், அதை நகர்த்த 200 கிலோகிராம் அளவு இழுவிசை தேவைப்படும். ஒரு முனை தரையை விட்டு எழுந்துவிட்டால் எடையில் பாதியை யானையும் மறுபாதியைத் தரையும் பகிர்ந்துகொள்வதால், உராய்வும் பாதியாகி 100 கிலோகிராம் இழுவிசையே போதுமானதாகிறது. அடிமரம் பருத்தும் நுனிமரம் சிறுத்தும் இருக்கும் இயற்கைத் தடியில் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, நடுவில் இல்லாமல் அடிப்பக்கம் தள்ளியிருக்கும். எனவே அடியைத் தூக்கினால் யானைக்குச் சுமை கூடி உராய்வு குறையும், நுனியைத் தூக்கினால் சுமை குறைந்து உராய்வு கூடும். எந்தத் தடியை எந்த முனையில் பிடிப்பது என்று தீர்மானிக்கும் பாகன் இந்தக் கணக்கைத் தாளில் போடுவதில்லை என்பது அக்கணக்கு அவருக்குத் தெரியாது என்பதற்குச் சான்றாகாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் கப்பல்களுக்கு மரம் அளித்த கதை நீண்டது. மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817இல் வெள்ளோட்டம் விட்ட டிரிங்கமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் கப்பலின் உடலுக்கு உகந்த தேக்கு, பாய்மரத்துக்கு அவ்வளவு உகந்ததன்று. பாய்மரத்துக்கு வேண்டியது கிளையற்று நெடிதுயர்ந்த, நீளத்துக்கேற்ற வலுவிருந்தும் எடை குறைந்த மரம். அந்தத் தேவையை இதே மலைத்தொடரின் மழைக்காடுகளில் வளரும் புன்னை இனத்துக் காட்டுமரங்கள் நிறைவேற்றின. எடையைக் குறைப்பதில் இத்தனை அக்கறை ஏன் என்பது, கிடக்கும் மரத்தை நிமிர்த்தும் விசையைக் கணக்கிட்டால் விளங்கும்.

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் இந்தச் சிக்கல் எழுந்ததேயில்லை. இலேசான மரத்தடிகளை வரிசையாகக் கிடத்திக் கயிற்றால் பிணைத்து, கரை திரும்பியதும் அவிழ்த்து உலரவிடும் அந்தக் கலத்தில், பாய்மரம் ஓரிருவர் கையாலேயே எடுத்து நிறுத்தக்கூடிய சிறு கழியாக இருந்தது. காற்று ஒத்துவராதபோது அதைப் பாயோடு சுருட்டிக் கிடத்திவிட்டுத் துடுப்பு வலிப்பார்கள். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வு இத்தகைய கலங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலத்தின் வழியே வாங்கிக்கொண்ட இன்றைய கேட்டமரானோ, பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிகளை முன்மாதிரியாகக் கொண்டு, இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து நடுவே வலைத்துணி கட்டிய வேறொரு கலம். அமெரிக்கரான ஹோபி ஆல்ட்டர் வடிவமைத்த ஹோபி 16 என்ற வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 5 மீட்டரை ஒட்டிய நீளமும் 2.4 மீட்டர் அகலமும் கொண்ட அப்படகின் பாய்மரம் 8 மீட்டர் உயரமுள்ளது. படகை விட மரம் நீளம் என்பதால், ஒவ்வொரு முறை வண்டியில் ஏற்றும்போதும் அதைச் சாய்த்துக் கிடத்தவும், கடற்கரையில் இறக்கியதும் மறுபடி நிமிர்த்தவும் வேண்டியிருக்கிறது.

கணக்கின் எளிமைக்காக, பாய்மரம் 8 மீட்டர் நீளமும் கம்பிகளையும் கயிறுகளையும் சேர்த்து 20 கிலோகிராம் எடையும் கொண்டது என்றும், ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 4 மீட்டரில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். மரத்தின் அடி, முன் குறுக்குச் சட்டத்தின் நடுவிலுள்ள கீல் ஒன்றில் பொருந்தியிருக்க, நுனி அமரத்துக்கு, அதாவது பின்முனைக்கு, அப்பால் நீண்டு கிடக்கிறது. எடையை அது கீலிலிருந்து இருக்கும் கிடைத் தொலைவால் பெருக்கிக் கிடைப்பதைத் திருப்புத்திறன் என்பர். இங்கே அது 20 பெருக்கல் 4, அதாவது 80. நுனியில், 8 மீட்டர் தொலைவில், பிடித்துத் தூக்குபவருக்கு 80ஐ 8ஆல் வகுத்து வரும் 10 கிலோகிராம் மட்டுமே கையில் தெரியும். அரிசி மூட்டை தூக்கிப் பழகிய எவருக்கும் இது பொருட்டே அன்று. எனவே கிடக்கும் நிலையில்தான் மரம் மிகக் கனம், எழ எழ இலேசாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஈர்ப்பு மையத்தின் கிடைத் தொலைவு எழ எழக் குறைவதால் இந்த நம்பிக்கை நியாயமாகவும் தோன்றுகிறது. ஆனால் அது பாதி உண்மைதான்.

மனிதனின் கை எட்டும் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதே மறுபாதி. நுனியைத் தலைக்கு மேல் 2 மீட்டர் உயரத்துக்கு ஏந்தியவர், மரத்தை மேலும் உயர்த்த வேண்டுமானால் அதன் அடியை நோக்கி நடந்து, கைகளை மரத்தின் நெடுகக் கீழ்ப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அதாவது ஒவ்வோர் அடி முன்னே வைக்கும்போதும் தமக்குச் சாதகமான நெம்புகோல் நீளத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார். திருப்புத்திறன் குறைவதும் பிடிமானத் தொலைவு குறைவதும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன; முதற்பாதியில் பின்னது வெல்கிறது. மரத்துக்குச் செங்குத்தாகத் தள்ள வேண்டிய விசை, மரம் 15 பாகை சாய்வில் இருக்கும்போது 10 கிலோகிராமாகவும், 30 பாகையில் 17 கிலோகிராமாகவும் உயர்ந்து, 45 பாகையில் 20 கிலோகிராமை, அதாவது மரத்தின் முழு எடையையே, எட்டுகிறது. அதன்பின் அதே வரிசையில் இறங்கி, 75 பாகையில் மறுபடி 10 கிலோகிராமாகிறது. பாய்மரம் பாதி எழுந்த நிலையில், தூக்குபவர் வலைத்துணியின் மேல் கால் பதியாமல் தள்ளாடும் அதே வேளையில், சுமை உச்சத்தைத் தொடுகிறது. நிமிர்த்தும்போது நேரும் விபத்துகள் தொடக்கத்தில் நேராமல் நடுவில் நேர்வதில் வியப்பேதுமில்லை.

இந்தக் கணக்கின் அடுத்த விளைவு இன்னும் சுவையானது. இதே பருமனில் மரத்தின் நீளம் இரட்டித்தால் எடையும் இரட்டிக்கிறது, ஈர்ப்பு மையத்தின் தொலைவும் இரட்டிக்கிறது, ஆனால் கை எட்டும் உயரம் மாறுவதில்லை. ஆகவே உச்ச விசை நான்கு மடங்காகி 80 கிலோகிராமைத் தொடுகிறது. நீளம் பாதியானாலோ அது 5 கிலோகிராமுக்கு இறங்கிவிடுகிறது. கட்டுமரக்காரர் அலையின் மேல் நின்றுகொண்டே பாய்மரத்தை எடுத்து நிறுத்த முடிந்ததும், 8 மீட்டர் மரத்துக்குக் கரையில் இருவர் தேவைப்படுவதும், அதற்கும் மேற்பட்ட நீளத்துக்குத் தனி ஏற்பாடே வேண்டியிருப்பதும் இந்த இருபடி உறவிலிருந்து பிறப்பவை. மரத்திலிருந்து அலுமினியக் குழாய்க்கு மாறியது எடையைக் குறைத்ததே தவிர, இந்த உறவை மாற்றவில்லை.

தள்ளுவதற்குப் பதில் முன்னாலிருந்து கயிற்றால் இழுத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். மரத்தில் 6 மீட்டர் உயரத்தில் கட்டிய முன்கம்பியை, கீலிலிருந்து 2 மீட்டர் முன்னாலுள்ள அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று இழுப்பதாகக் கொள்ளலாம். மரம் முற்றிலும் கிடந்த நிலையில் கயிறு மரத்தோடு ஒரே நேர்கோட்டில் ஓடுவதால், எத்தனை பேர் இழுத்தாலும் மரம் எழாது. இழுப்பு முழுவதும் மரத்தைக் கீலின் மீது அழுத்துவதிலேயே செலவாகிவிடும். மரத்தை 10 பாகை தூக்கிவிட்டபின்னும் கயிற்றுக்கும் கீலுக்கும் இடையேயுள்ள செங்குத்துத் தொலைவு 26 சென்டிமீட்டராகவே இருப்பதால், இழுவிசை 300 கிலோகிராமை எட்ட வேண்டியிருக்கும். 30 பாகையில் அது 90ஆகவும், 45 பாகையில் 50ஆகவும் இறங்குகிறது. தள்ளுபவருக்குத் தொடக்கம் எளிது, நடுப்பகுதி கடினம். இழுப்பவருக்குத் தொடக்கம் இயலாதது, போகப் போக எளிது. ஒருவர் பின்னாலிருந்து தள்ள, இன்னொருவர் முன்னாலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டே வரும் வழக்கமான முறை, இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டும்படி அமைந்திருக்கிறது.

தனியாள் ஒருவரே நிமிர்த்த வேண்டுமென்றால் கயிற்றின் கோணத்தையே மாற்ற வேண்டும், அதற்குக் கிடைத்த வழி ஒரு சிறு துணைக்கழி. பாய்மரத்தின் அடியில், அதற்குச் செங்குத்தாக 2 மீட்டர் நீளக் கழியொன்றைப் பொருத்தி, அதன் உச்சியைப் பாய்மரத்தின் மேற்பகுதியோடு ஒரு கயிற்றாலும், அணியத்தோடு கப்பிகள் கோத்த இன்னொரு கயிற்றாலும் இணைத்துவிட்டால், பாய்மரம் கிடக்கும்போது கழி நிமிர்ந்து நிற்கும். பாய்மரம் நிமிரும்போது கழி முன்பக்கம் சாய்ந்து கிடைமட்டமாகும். கழியின் உச்சியிலிருந்து அணியத்துக்குப் போகும் கயிறு கீலிலிருந்து 1.4 மீட்டர் செங்குத்துத் தொலைவில் ஓடுவதால், தொடக்கத்திலேயே 57 கிலோகிராம் இழுவிசை போதும். நான்கு கயிற்றோட்டம் கொண்ட கப்பித் தொகுதியில் அது நான்கில் ஒன்றாகி, உராய்வை விட்டுப் பார்த்தால் 14 கிலோகிராமாகிறது. 300க்கும் 14க்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கியது வலிமையான ஆளோ விலையுயர்ந்த கருவியோ அன்று. ஒரு கழியும் கப்பிகள் கோத்த கயிறும் சரியான கோணத்தில் வைக்கப்பட்டதுதான். இயந்திரவியல் பாடநூல்கள் எடையைப் பற்றி எழுதும் பக்கங்களில் பாதியையாவது கோணத்துக்கு ஒதுக்கியிருந்தால் நெம்புகோல் பாடம் இத்தனை வறட்சியாக இருந்திருக்காது.

எனினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. 20 கிலோகிராமை 4 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் வேலை எந்த வழியில் செய்தாலும் 80 என்ற அதே அளவுதான். கழியின் உச்சிக்கும் அணியத்துக்கும் இடையே தொடக்கத்தில் இருக்கும் 2.8 மீட்டர் இடைவெளி முழுவதையும் மூட, நான்கு ஓட்டங்களில் 11 மீட்டருக்கு மேல் கயிறு கைக்குள் வர வேண்டும். விசையில் மிச்சம் பிடித்தது கயிற்று நீளத்தில் கழிந்துவிடுகிறது. 80ஐ 11.3ஆல் வகுத்தால் சராசரி விசை 7 கிலோகிராம் என்று வருவது, இது வரையிலான கணக்கு சரியென்பதற்கு ஒரு குறுக்குச் சோதனையாகவும் அமைகிறது.

பக்கவாட்டு ஆட்டம்தான் உண்மையான ஆபத்து. நின்ற பாய்மரத்தை இருபுறமும் இரண்டு பக்கக் கம்பிகள் இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றின் கீழ்முனைகள் படகின் இரு உடல்களிலும், கீலுக்குச் சற்றுப் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். நின்ற மரம் முன்பக்கம் கவிழாமல் தடுப்பதற்கு இந்தப் பின்னடைவு தேவை. ஆனால் மரம் பின்பக்கம் சாய்ந்து கிடக்கையில், அதே பின்னடைவின் காரணமாகக் கம்பிகளின் இரு முனைகளும் நெருங்கி, கம்பிகள் தொய்ந்துவிடுகின்றன. நிமிர்த்தும் நேரத்தின் பெரும்பகுதியில், பக்கவாட்டில் மரத்தைப் பிடித்திருப்பது தூக்குபவரின் கைகளும் கீலின் இறுக்கமும் மட்டுமே. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் குறுக்குக் காற்று, 12 சென்டிமீட்டர் அகலமுள்ள 8 மீட்டர் மரத்தின் மேல் ஏறத்தாழ 6 கிலோகிராம் விசையைச் செலுத்துகிறது. அது நடுவில், 4 மீட்டர் உயரத்தில் செயல்படுவதாகக் கொண்டால் திருப்புத்திறன் 24. கீழே 2 மீட்டர் உயரத்தில் பிடித்திருப்பவர் அதை அடக்க 12 கிலோகிராம் பக்கவிசை கொடுக்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே தலைக்கு மேல் சுமையைத் தாங்கிக்கொண்டு. படகை முதலில் காற்றின் திசைக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு மரத்தைத் தொடும் பழக்கம் இதனால் ஏற்பட்டது.

பெருங்கப்பல்களைக் கட்டியவர்கள் இதே ஆட்டத்துக்கு ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். டன் கணக்கில் எடையுள்ள பாய்மரங்களைக் கப்பலுக்குள் இறக்க, இரண்டு நெடுங்கழிகளின் உச்சிகளைச் சேர்த்துக் கட்டி, அடிகளை அகல விரித்து, கத்தரிக்கால் போன்ற ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அடிகள் அகன்றிருந்ததால் அது பக்கவாட்டில் சாயாது, முன்பின் மட்டுமே அசையும். சிறு படகில் ஒற்றைத் துணைக்கழிக்குப் பதில் இந்த இரட்டைக்கழி அமைப்பைப் பயன்படுத்தும்போது, கேட்டமரானின் பிறவிக் குணமான அகலம் கைகொடுக்கிறது: கழிகளின் அடிகளை இரு உடல்களிலும் ஊன்றினால் 2 மீட்டருக்கு மேற்பட்ட அகலமான ஆதாரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒற்றையுடல் படகுகளில் இந்த வசதி இல்லை.

கீலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பாதி எழுந்த மரத்தை 45 பாகையில் தள்ளும்போது, தள்ளுபவரின் 20 கிலோகிராம் விசையில் 14 கிலோகிராம் முன்னோக்கிய கிடைவிசையாகச் செயல்பட்டு, மரத்தின் அடியை முன்னே வழுக்கிப் போகத் தூண்டுகிறது. வீட்டில் நீண்ட ஏணியை நிமிர்த்துகையில் ஒருவர் அதன் காலடியை மிதித்துக்கொள்வது எதற்காகவோ, அதற்காகத்தான் படகில் கீலும் அதன் குறுக்கே செருகும் எஃகு ஆணியும் இருக்கின்றன. சுண்டு விரல் பருமன்கூட இல்லாத அந்த ஆணி, ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் நழுவாமல் தடுக்கும் சிறு பூட்டுவளையமும் கொண்டது. கடற்கரை மணல் துளையில் புகுந்துவிட்டால் பாதிதான் உள்ளே இறங்கும், மேலிருந்து பார்ப்பவருக்கு முழுவதும் இறங்கியது போலவே தெரியும். பல படகுகளில் மரம் நின்று முன்கம்பி பூட்டப்பட்டதும் இந்த ஆணியைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் காற்றுக்கேற்ப மரம் தன் அச்சில் சுழல்வதற்கு அது தடையாக இருக்கும். ஆகவே ஆணி இருக்க வேண்டிய நேரமும் இருக்கக் கூடாத நேரமும் ஒன்றையடுத்து ஒன்றாக, சில நிமிட இடைவெளியில் வருகின்றன.

நின்றபின் மரத்துக்கு வேறொரு பகை மேலே காத்திருக்கிறது. அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம். பக்கக் கம்பிகளோ எஃகு. கரையில் நிமிர்த்திய பாய்மரத்தோடு படகைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும்போது, சாலையின் குறுக்கே தாழ்ந்து தொங்கும் மின்கம்பியை நுனி தொட்டால், நனைந்த கையோடு படகைப் பிடித்திருக்கும் அனைவர் வழியாகவும் மின்னோட்டம் தரைக்குப் பாயும். தொய்ந்த மின்கம்பியின் கொடுமை நீலகிரியின் காட்டோரங்களில் யானைகளைக் கொண்டே அறியப்பட்டது. கடற்கரைகளில் அது மனித உயிர்களைக் கொண்டு அறியப்பட்டது. அமெரிக்காவில் இத்தகைய விபத்துகளுக்குப் பின், 1980களில், ஹோபி படகுகளின் பாய்மரத்தில் மேற்பகுதியை மட்டும் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளால் செய்து, கீழ்ப்பகுதியை அலுமினியமாகவே விட்டார்கள். கூட்டுப்பொருள் நுனி அலுமினியத்தைப் போல வளைவதில்லை என்பதால் பாயின் வடிவமும் சிறிது மாறியது. பந்தயப் படகோட்டிகள் அதைப் பற்றி முணுமுணுத்தார்கள், அமெரிக்காவுக்கு வெளியே முழு அலுமினிய மரங்களும் புழக்கத்தில் தொடர்ந்தன. பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் பக்கக் கம்பிகளும் இன்னமும் உலோகமே ஆதலால், கூட்டுப்பொருள் நுனியுள்ள மரத்தையும் மின்கம்பிக்கு அடியில் நிமிர்த்தக் கூடாது என்ற எச்சரிக்கை மாறவில்லை.